டோடோ கதை தவறென்றால் சூழலியலில் எதை நம்புவது?

விலங்கியல் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: "டோடோ பறவை அழிந்ததால் மொரீசியஸில் ஒரு மரமும் முளைக்காமல் போயிற்று என்று வகுப்பில் படித்தோம். அது சரியில்லை என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்கள் ஆற்றின் போக்கையே மாற்றின என்பதும் மிகை என்கிறார்கள். புலி எண்ணிக்கையிலும் சண்டை. அப்படியென்றால் சூழலியலில் எதைத்தான் நம்புவது? களப்பணிக்குப் போகும் முன் அறிவியல் முறையில் யோசிக்க எப்படிப் பழகிக்கொள்வது?"

முதலில் டோடோவைப் பார்த்துவிடுவோம். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மொரீசியஸில் தம்பலகோக் என்றொரு மரம் உண்டு. நம் இலுப்பை, மகிழம், சப்போட்டா எல்லாம் இருக்கும் அதே குடும்பம். விதைக்கு மேல் தடித்த, கெட்டியான ஓடு. தீவில் மிஞ்சியிருப்பது 13 மரங்கள்தான், எல்லாமே 300 வயதைத் தாண்டியவை என்றார் டெம்பிள். டோடோ அழிந்ததும் ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே டோடோவின் அரைவைப்பையில் உரசி ஓடு தேய்ந்தால்தான் விதை முளைக்கும், பறவை போனதோடு மரத்தின் வம்சமும் நின்றுவிட்டது என்பது அவர் வாதம். சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை, சோதித்தும் பார்த்தார். டோடோவுக்குப் பதில் வான்கோழி. 17 விதைகளை ஊட்டினார். 7 நொறுங்கின. மீதி 10ஐ விதைத்ததில் 3 முளைத்தன. முந்நூறு ஆண்டுகளில் முளைத்த முதல் தம்பலகோக் விதைகள் இவையாக இருக்கலாம் என்றும் எழுதினார்.

கதை அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. பறவையும் மரமும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்தன, ஒன்று போனதும் மற்றொன்றும் போகிறது. ஆசிரியருக்குச் சொல்ல எளிது, மாணவருக்கு மறக்காது.

இப்போது அந்த 3 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்துக்கு மூன்று முளைத்தது நிறையா, குறைவா? சொல்ல முடியாது. ஏனென்றால் வான்கோழிக்கு ஊட்டாத விதைகளை அதே மண்ணில், அதே நேரத்தில் விதைத்து எத்தனை முளைக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. அதிலும் பத்துக்கு மூன்று முளைத்திருந்தால் வான்கோழிக்கு அங்கே வேலையே இல்லை. ஐந்து முளைத்திருந்தால் வான்கோழி கெடுதல்தான் செய்திருக்கிறது. ஒப்பிட எதுவும் இல்லாத எண், தனியாக நின்று எதையும் நிரூபிக்காது.

அடுத்தது மரங்களின் வயது. தேக்கை அறுத்தால் ஆண்டு வளையங்களை எண்ணிவிடலாம். வெப்பமண்டலத்தின் பல பசுமைமாறா மரங்களில் அப்படித் தெளிவான வளையம் இருப்பதில்லை. தம்பலகோக்கும் அந்த வகைதான். அப்புறம் "எல்லாம் 300 வயதுக்கு மேல்" என்பது எங்கிருந்து வந்தது? மதிப்பீடுதான். டோடோ அழிந்த காலத்தோடு அது பொருந்திப் போனதே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். பொருத்தம் கண்ணில் பட்டதும் நாம் சந்தேகப்படுவதை நிறுத்திவிடுகிறோம், அதுதான் சிக்கல்.

1979இல் மொரீசியஸ் வனத்துறையைச் சேர்ந்த ஓவாடல்லி அதே இதழில் மறுப்பு எழுதினார். டோடோவுக்குப் பிந்தைய இளைய மரங்கள் இருக்கின்றன, எந்தப் பறவையின் வயிற்றுக்கும் போகாத விதைகளையே வனத்துறை முளைக்க வைத்திருக்கிறது என்றார். இவ்விதைகள் தேய்க்காமலே முளைக்கும் என்பதை கியூ தாவரவியல் பூங்காவின் ஆர்தர் ஹில் 1941லேயே பதிவு செய்திருந்தார். ஓட்டில் இயல்பாகவே ஒரு பிளவுக்கோடு இருக்கிறது. உள்ளே முளை பருக்கும்போது அந்தக் கோட்டில் வெடித்து மூடி கழன்றுவிடும். மரம் அருகிப்போனதற்குக் காரணங்கள் இன்னும் சாதாரணமானவை: காட்டை வெட்டியது, மனிதர்கள் கொண்டுவந்த குரங்கு, பன்றி, மான், இடத்தைப் பிடித்துக்கொண்ட சீனக் கொய்யா போன்ற அயல் செடிகள். டோடோவுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போட்டிருக்கலாம். அதே வேலையை அத்தீவில் அழிந்துபோன பேராமைகளும் செய்திருக்கலாம். ஆனால் "டோடோ இல்லாவிட்டால் முளைக்காது" என்ற கூற்று நிற்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டெம்பிளை முட்டாளாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 17, 7, 10, 3 என்று எண்களை அப்படியே அச்சில் வைத்தவர் அவர். வைத்ததால்தான் மற்றவர்களால் ஓட்டையைக் காட்ட முடிந்தது. "பழங்காலம் தொட்டே இந்த மரத்துக்கும் பறவைக்கும் உறவு உண்டு" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் யாராலும் மறுத்திருக்க முடியாது, யாருக்கும் பயனும் இருந்திருக்காது. ஆக, "எதை நம்புவது" என்று கேட்டீர்களே, அதை நான் கொஞ்சம் திருப்பிக் கேட்பேன்: இந்தக் கூற்று தவறாக இருந்தால் அது எங்கே, எப்படித் தெரியவரும்? அதற்கு இடம் கொடுத்துச் சொல்லப்பட்டதை நம்பத் தொடங்கலாம். இடமே கொடுக்காததை எவ்வளவு பெரியவர் சொன்னாலும் ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஓநாய் விஷயத்தில் அதிகம் நிற்கப்போவதில்லை. ஓநாய் வந்து மான் குறைந்தது, மான் குறைந்ததால் கரையோர மரங்கள் வளர்ந்தன, அதனால் ஆறே மாறிற்று என்பதுதான் கதை. 1995, 1996இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து யெல்லோஸ்டோனில் விட்டார்கள். எல்க் மான்கள் குறைந்தன, சில இடங்களில் ஆஸ்பென், வில்லோ மரங்கள் தலைதூக்கின. இது உண்மை. ஆனால் அதே காலத்தில் கரடியும் பூமாவும் பெருகியிருந்தன, பூங்காவுக்கு வெளியே மனிதர்களும் எல்க்கை வேட்டையாடினார்கள். ஓநாயை மட்டும் பிரித்தெடுத்துப் புகழ்வது கடினம். 2021இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் அழகான ஒரு குறையைக் காட்டியது. முந்தைய ஆய்வுகளில் ஒவ்வொரு ஆஸ்பென் தோப்பிலும் மிக உயரமான ஐந்து இளமரங்களை மட்டும் அளந்திருந்தார்கள். உயரமானவற்றையே தேர்ந்தெடுத்து அளந்தால் தோப்பு செழிப்பாகத்தானே தெரியும்? குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மரங்களை அளந்தபோது மீட்சி இருந்தது, ஆனால் சொல்லப்பட்டதைவிடப் பல மடங்கு குறைவு. வகுப்பில் முதல் ஐந்து ராங்க் எடுத்தவர்களின் மதிப்பெண்ணைச் சொல்லிப் பள்ளிக்கு விளம்பரம் போடுவதைப் போன்றதுதான் இது.

இதைவிட அதிகம் யோசிக்க வேண்டியது புலிக் கணக்கு. பத்திரிகையில் எண்ணை மட்டும் போட்டு முடித்துவிடுகிறார்கள், எண் பிறந்த விதத்தை எழுதுவதில்லை.

1966இல் ஒடிசாவைச் சேர்ந்த சரோஜ் ராஜ் சௌத்ரி என்ற வன அதிகாரி, கால்தடத்தை வைத்துப் புலிகளை எண்ணும் முறையை வகுத்தார். மண்ணில் பதிந்த பின்னங்கால் தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்துகொள்வார்கள், பிளாஸ்டர் ஊற்றி அச்சும் எடுப்பார்கள். நாடு முழுக்கப் பல ஆண்டுகள் இதுதான் முறை. இதில் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு புலியின் தடமும் வேறு, அதைக் கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். இரண்டு, காட்டிலுள்ள எல்லாப் புலிகளின் தடமும் அந்தச் சில நாள்களில் நம் கண்ணில் பட்டுவிடும். ஒரே புலி புழுதியில் நடந்தால் ஒரு தடம், ஈரச்சேற்றில் நடந்தால் இன்னொரு தடம். வரைகிறவர் மாறினால் கோடும் மாறும். பாறையில் நடந்த புலிக்குத் தடமே இல்லை. 2004இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் அரசுக் கணக்குப்படி பதினைந்துக்கு மேல் புலிகள். 2005இல் தேடியபோது ஒன்றுகூட இல்லை. கள்ளவேட்டை தின்று தீர்த்துவிட்டிருந்தது, கணக்கு மட்டும் உயிரோடு இருந்தது.

மாற்று முறை வரியைப் பார்ப்பது. கைரேகைபோல் ஒவ்வொரு புலியின் வரியும் தனி. இடது விலாவும் வலது விலாவும்கூட வேறு வேறாக இருக்கும் என்பதால் பாதையின் இருபுறமும் எதிரெதிரே தானியங்கிக் கேமரா வைப்பார்கள். உல்லாஸ் கரந்த் 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளெயில் இதைத் தொடங்கினார். ஆனால் கேமராவைவிட முக்கியமானது அதன் பின்னால் இருக்கும் கணக்கு. டென்மார்க்கின் பீட்டர்சன் மீன்களுக்கும், அமெரிக்காவின் லிங்கன் வாத்துகளுக்கும் பயன்படுத்திய பழைய கணக்குதான் அது.

கற்பனை எண்களை வைத்துச் சொல்கிறேன். முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுகின்றன. இரண்டாம் சுற்றில் 25. அந்த 25இல் 10 ஏற்கெனவே விழுந்தவை. அதாவது நமக்குத் தெரிந்த 20இல் பாதியைத்தான் இரண்டாம் சுற்று பிடித்திருக்கிறது. அப்படியானால் தெரியாத புலிகளிலும் பாதியைத்தான் அது பிடித்திருக்கும். இரண்டாம் சுற்றின் 25 என்பது மொத்தத்தில் பாதி. மொத்தம் ஏறத்தாழ 50. நாம் பார்த்தது 35தான். பார்க்காத 15ஐப் பார்த்தவற்றின் வழியே கணக்கிட்டுவிட்டோம். இந்த ஒரு பத்தியை நன்றாக உள்வாங்கிக்கொண்டால் களச் சூழலியலின் பாதி உங்கள் கையில்.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. இரண்டு சுற்றுக்கும் நடுவே புலிகள் வந்து போகக் கூடாது. எல்லாப் புலிக்கும் படத்தில் விழ ஏறத்தாழ ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும். பெரிய ஆண் புலி வண்டித்தடத்தில் கம்பீரமாக நடக்கும், குட்டியோடு இருக்கும் தாய் ஒதுங்கியே போகும். ஆகவே நிஜ ஆய்வுகளில் இந்த எளிய சமன்பாட்டுக்கு மேல் நிறையத் திருத்தங்கள் வரும். விடையும் ஒற்றை எண்ணாக வராது. 2006 மதிப்பீட்டில் 1,411 என்று நாம் படித்தது உண்மையில் 1,165க்கும் 1,657க்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று. 2022இல் 3,682 என்பதும் நடு மதிப்புதான், மேல் எல்லை 3,925.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நேர்முகத் தேர்வில்கூடக் கேட்பார்கள். 2001–02 கணக்கெடுப்பில் 3,642. 2006இல் 1,411. நான்கைந்து ஆண்டில் பாதிக்கு மேல் புலிகள் செத்தனவா? அப்படிச் சொல்ல முடியாது, முதலாவது தடம் பார்த்து எண்ணியது, இரண்டாவது கேமராவும் புள்ளியியலும் சேர்ந்தது. முறை மாறினால் எண்களைக் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. 2006க்குப் பிறகான உயர்வையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2006இல் சுந்தரவனம் கணக்கில் இல்லை, 2010இல் சேர்ந்தது. கேமரா வைத்த இடங்களும் ஒவ்வொரு சுற்றிலும் கூடின. 2022இல் 32,000 இடங்களைத் தாண்டிவிட்டன. புலிகள் பெருகியிருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உயர்வில் எவ்வளவு புலி, எவ்வளவு கூடுதல் தேடல் என்று பிரித்துக் கேட்பதுதான் சூழலியல் படித்தவர் செய்ய வேண்டியது. நீங்கள் சொல்லும் "சண்டை" பெரும்பாலும் இதைப் பற்றித்தான். அப்படிச் சண்டை நடப்பது துறை ஆரோக்கியமாக இருப்பதற்கு அடையாளம்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் குறை கண்டுபிடிப்பது. ஒரு கேள்வி எப்படிப் பல பத்தாண்டுகள் தட்டுத்தடுமாறி ஓரளவு தீர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு நீலகிரிப் புல்வெளியை விட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

அவலாஞ்சி, முக்குருத்திப் பக்கம் போயிருந்தால் தெரியும். மேடெல்லாம் புல், மடிப்பும் பள்ளமும் சோலை. இரண்டுக்கும் நடுவே எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஓரடி இந்தப் பக்கம் முழங்கால் உயரப் புல், ஓரடி அந்தப் பக்கம் பாசி படர்ந்த மரமும் இருட்டும். ஏன் இப்படி? மழைக்குக் குறைவில்லை. மரம் ஏன் மேட்டில் ஏறவில்லை?

1938இல் இதைப் பற்றி இரண்டு வனத்துறையினர் எதிரெதிராக எழுதினார்கள். மேடெல்லாம் ஒருகாலத்தில் காடுதான், மனிதர்கள் தீயிட்டு மாடு மேய்த்ததால் புல்லாகிவிட்டது என்றார் என். எல். போர். இல்லை, உறைபனிதான் மரக்கன்றுகளைக் கொல்கிறது, புல்வெளி இயற்கையானது என்றார் சி. ஆர். ரங்கநாதன். இருவரும் காட்டை நன்றாக அறிந்தவர்கள், இருவரும் ஒரே மலையைப் பார்த்தவர்கள். பார்வையை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க வழியே இல்லை, காரணம் இன்றைய காட்சி இரண்டு விளக்கத்துக்குமே பொருந்துகிறது.

இது ஏட்டுச் சண்டை இல்லை என்பதையும் கவனியுங்கள். புல்வெளி என்பது கெட்டுப்போன காடு என்று நம்பினால் அங்கே மரம் நடுவது புண்ணியம். அப்படித்தான் நட்டார்கள். 1840களில் ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும், விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் தொழிலுக்கும் ரேயான் ஆலைக்கும் என்று மலை மலையாகப் பரவின. பைனும் சேர்ந்துகொண்டது. பழனி மலையில் 1973 முதலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், புல்வெளியில் பாதிக்கு மேல் காணாமல் போனதைக் காட்டியிருக்கிறார்கள். வரையாடு புல்வெளியின் விலங்கு. மரம் நட நட அதற்கு நிலம் சுருங்கிற்று.

தீர்வு வந்தது சதுப்பிலிருந்து. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் பீட் எனப்படும் கருமண் படிவு இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செத்த செடிகள் மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகப் படிந்தவை. அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது; வயதைக் கரிமக் கணிப்பில் கண்டுகொள்ளலாம். அது புல்லா மரமா என்று எப்படித் தெரியும்? மரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு. கரும்பு, மக்காச்சோளம் போல வெப்பமண்டலப் புற்கள் பலவும் செய்யும் விதம் வேறு. இரண்டாவது வகை தன் உடலில் கார்பன்–13 என்ற சற்றுக் கனமான கார்பனைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும். செடி மக்கினாலும் அந்த விகிதம் மக்காது. ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு இது: ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகக் குளிரும் வறட்சியும் உச்சத்தில் இருந்தபோது அங்கே புல்தான் ஓங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுத்தபோது மரவகைகள் கூடின, மறுபடி வறண்டபோது புல் திரும்பியது. ஆக, உழவரும் கோடரியும் வருவதற்கு வெகு காலம் முன்பே நீலகிரியில் புல்வெளி உண்டு.

வழக்கு முடிந்ததா? பாதிதான். பழங்காலத்தில் புல் இருந்தது என்பதால் இன்றைய எல்லைக்கோட்டை மனிதத் தீ நகர்த்தவில்லை என்று ஆகாது. இன்று அந்தக் கோட்டைப் பிடித்து வைத்திருப்பது எது என்பது தனிக் கேள்வி. அதற்குச் சதுப்பு உதவாது, சோதனைதான் செய்ய வேண்டும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் செய்தார்கள், 2020இல் வெளியிட்டார்கள். சோலை மர விதைகளைப் புல்வெளியில் விதைத்தார்கள். ஆச்சரியம், அங்கே நன்றாகவே முளைத்தன. மண்ணிலும் குறையில்லை, புல்லின் போட்டியும் பெரிய தடையில்லை. முளைத்த நாற்றுகள்தான் குளிர்கால இரவுகளின் உறைபனியில் மடிந்தன. சோலைக்குள்ளோ கிளைக்கூரை இரவில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் உறைபனி அவ்வளவாக இறங்குவதில்லை. சீகைக் கன்றுகள் இந்தக் குளிரைத் தாங்கிக்கொண்டன. வெப்பநிலை உயர உயர அவற்றுக்கு இன்னும் கொண்டாட்டம். ரங்கநாதன் சொன்னதன் பெரும்பகுதி எண்பது ஆண்டு கழித்துச் சோதனையில் தேறியது. டோடோ கட்டுரையில் இல்லாதது இங்கே இருப்பதைப் பார்த்தீர்களா? உறைபனி இருக்கும் இடமும் இல்லாத இடமும் பக்கத்துப் பக்கத்தில்.

இன்னும் தீராத ஒன்றும் அதே மலையில் உண்டு, உங்கள் ஆய்வுக்குக்கூட உதவலாம். அயல் மரங்களை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது, அரசும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. ஆனால் சீகையின் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலும் தீ பட்டாலும் கூட்டமாக எழும்பும். பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலிலோ சோலைக் கன்றுகள் தாமாகவே வளர்ந்துகொண்டிருக்கின்றன. அங்கே வெட்டுவது நல்லதா, விடுவது நல்லதா? வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வெட்டாத இடத்தையும் விட்டுவைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தால் ஒழிய யாராலும் சொல்ல முடியாது. "எல்லாவற்றையும் வெட்டு" என்பவர்களும் "தொடாதே" என்பவர்களும் ஒரே அளவு உறுதியோடு பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆண்டுக்கணக்கு என்றதும் முதுமலை நினைவுக்கு வருகிறது. இந்திய அறிவியல் கழகத்தினர் 1988இல் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்து, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, இன்று வரை பின்தொடர்கிறார்கள். தொடக்கத்தில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள். எது செத்தது, எதை யானை முறித்தது, எது தீயில் போனது என்று எல்லாம் பதிவு. ஒருநாள் சுற்றுலாவில் போகிறவருக்குக் காடு அசையாமல் நிற்பதாகத் தோன்றும். இந்தப் பதிவேட்டைப் பார்த்தால், யானைகள் விரும்பித் தின்ற சில சிறுமரங்கள் சில ஆண்டுகளிலேயே மடமடவென்று குறைந்தது தெரியும். உங்களுக்கு இரண்டு ஆண்டுப் படிப்புதான், முப்பது ஆண்டு தரவுக்கு எங்கே போவது என்பீர்கள். அதற்காகத்தான் சொல்கிறேன்: சொந்தமாகத் தரவு சேகரிக்க ஓடும் முன், ஏற்கெனவே யார் எதைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

களத்துக்குப் போகும்போது உங்களோடு வருகிறவர் பெரும்பாலும் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலராக இருப்பார். இருளரோ, குறும்பரோ, காடரோ. கேரளத்தின் வாழச்சால் காடுகளில் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிப்பவர்கள் காடர்கள்தான். எந்த மரப்பொந்தில் எப்போது பெண் பறவை தன்னை அடைத்துக்கொண்டது என்பது அவர்களுக்குத் தெரியும். இவர்களிடம் கேட்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. "அண்ணே, யானை இந்தப் பக்கம் எப்போ போச்சு?" என்றால் "விடியறதுக்கு முன்னாடி" என்பார். அங்கேயே நிறுத்திவிடாமல் "எப்படிச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். சாணத்தின் மேல் பனித்துளி நிற்கிறது, உள்ளே இன்னும் சூடு இருக்கிறது, மிதிபட்ட புல் நிமிரவில்லை என்று காட்டுவார். அது முதல்தரமான தரவு, குறிப்பேட்டில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். "உண்ணிச்செடி வந்ததால்தான் மான் குறைந்துபோச்சு" என்று அவர் சொன்னால் அதையும் எழுதுங்கள், ஆனால் வேறு பக்கத்தில். அது சோதிக்க வேண்டிய கருதுகோள். பேராசிரியர் சொன்னாலும் அதே வேறு பக்கம்தான். இந்தப் பாகுபாட்டில் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் கிடையாது.

கடைசியாக, காட்டுக்குப் போகும் முன்பே கல்லூரி வளாகத்தில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. முசுறு எறும்பு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டும் கூடுகளை எண்ணுங்கள். கூடு நகராது, மாமரம் உள்ள வளாகத்தில் பெரும்பாலும் இருக்கும். நீங்களும் ஒரு தோழியும் தனித்தனியே, பேசிக்கொள்ளாமல், ஒரே மரங்களைச் சுற்றி வந்து ஒவ்வொரு கூடும் எந்தக் கிளையில் என்று படம் போட்டுக் குறியுங்கள். உங்களுக்கு 12, அவருக்கு 10, இருவரும் கண்டது 8 என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டைப் பத்தால் பெருக்கி எட்டால் வகுக்க 15 வரும். இருவரும் சேர்ந்து கண்டது 14. ஒன்று இன்னும் மேலே எங்கோ ஒளிந்திருக்கலாம். வரையாட்டுக் கணக்கெடுப்பிலும் இரண்டு பார்வையாளர்கள் தனித்தனியே எண்ணும் இதே முறை உண்டு.

பிறகு மாமரத்துக்கும் வேம்புக்கும் இதைத் தனித்தனியே செய்யுங்கள். மாவின் அடர்ந்த இலைக்குள் கூடு எளிதில் கண்ணில் படாது, வேம்பில் சட்டென்று தெரியும். வெறும் எண்ணிக்கையை ஒப்பிட்டு "வேம்பில்தான் அதிகம்" என்று எழுதிவிட வாய்ப்பிருக்கிறது. எந்த மரத்தில் எத்தனை பங்கைத் தவறவிடுகிறீர்கள் என்பதை முதலில் கணக்கிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். இலை காய்ந்து எறும்பு விட்டுப்போன பழைய கூடுகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பாதியில் முடிவெடுத்தால் நமக்குப் பிடித்த விடைக்கு ஏற்ற மாதிரிதான் முடிவெடுப்போம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், முசுறு சும்மா விடாது.